நியூமார்க்கெட்டில் ஒரு கேரட் வைத்தியம்

பெண்ணின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போனவள், பேரனைப் பற்றி எழுதாமல் குதிரையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். என்ன செய்வது! எனக்கும் என் பெண்ணுக்கும் இடையே இரண்டு மாதமாக ஓடிக் கொண்டிருந்த வழக்கில் கடைசியில் தீர்ப்புச் சொன்னது ஒரு குதிரைதான்.

2023 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சிசேரியன். சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் என்று பாதிப் பெட்டியை நிரப்பிக் கொண்டு போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலோ மறுநாளே அவளை எழுப்பி நடக்க விட்டார்கள். எனக்குப் பெற்ற வயிறு பதறியது. போதாக்குறைக்கு, கிளம்பும்போது ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழு, மல்லாந்து படுத்து இடுப்பைச் சாய், தினம் கொஞ்சம் நட என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

"பச்சை உடம்புடி. நாற்பது நாள் அசையக் கூடாது. நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அத்தோடு விட்டேனா? அந்தத் தாளை எடுத்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். தூக்கி எறிய மனசு வரவில்லை. கொடுக்கவும் மனசு வரவில்லை. அவள் தேடினாள். "எங்கேயாவது இருக்கும்" என்றேன். பால் கொடுக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் படுக்கைதான். ஏழாவது வாரம், தொட்டிலில் இருந்த குழந்தையை எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. முதுகைப் பிடித்துக் கொண்டு அழுதாள். நான் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். நெஞ்சுக்குள் அந்தத் தாள் உறுத்திக் கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் ஐம்பது வயதுக்காரர். பிசியோதெரபி படித்து முதலில் மனிதர்களுக்குப் பார்த்தவர், பிறகு அதற்கென்று தனியாகப் படித்துக் குதிரைகளுக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தபோது நான் சிரித்தே விட்டேன். மாப்பிள்ளை மட்டும், "அத்தை, வந்ததிலேர்ந்து வீட்டுக்குள்ளேயே இருக்கீங்க. ஒரு நாள் அவங்களோட போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கறேன்" என்றார். அக்டோபர் மாதம், ஒரு குளிர்ந்த விடியலில், எலுமிச்சம் சாதம் கட்டிக் கொண்டு அந்த அம்மாளின் காரில் ஏறினேன்.

கேம்பிரிட்ஜிலிருந்து நியூமார்க்கெட் சுமார் 20 கிலோமீட்டர். சின்ன ஊர்தான். ஆனால் குதிரைகளோ ஆயிரக்கணக்கில்! நம் ஊரில் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுபோல் பந்தயக் குதிரைகள் போகின்றன. அவற்றுக்கென்று தெருவோரம் தனிப் பாதை. அவை சாலையைக் கடக்கும் இடங்களில் கார்க்காரர்கள் முணுமுணுக்காமல் நிற்கிறார்கள். வாரன் ஹில் என்ற மேட்டில், புல்வெளியில் அவை மேல் நோக்கி ஓடுவதை ஓரமாக நின்று பார்த்தோம். மூக்கிலிருந்து ஆவி பறக்கிறது. தரை அதிர்வது நம் பாதத்தில் தெரிகிறது. சவாரி செய்தவர்களில் இளம்பெண்கள் ஏராளம். பிற்பகல் ஒரு மணி வரை அந்தப் பயிற்சிப் புல்வெளிகளில் மற்றவர்கள் கால் வைக்கக் கூடாதாம்.

17-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் இங்கே அரண்மனை கட்டிக் கொண்டு தாமே பந்தயத்தில் சவாரியும் செய்திருக்கிறார். 'ரவுலி' என்ற அவருடைய குதிரையின் பெயரே அவருக்குப் பட்டப் பெயராகி, இன்றும் ரவுலி மைல் என்று பந்தய மைதானத்துக்கு வழங்குகிறது. குதிரை பெயரை ராஜாவுக்கு வைத்த ஊர்!

அங்கிருந்து ஒரு லாயத்துக்குப் போனோம். செம்பழுப்பு நிறத்தில் ஏழு வயது ஆண் குதிரை ஒன்று நின்றிருந்தது. முந்தைய வருஷம் ஓடும்போது முன்னங்காலில் தசைநார் அறுந்து பந்தயத்தை விட்டு வந்ததாம். குதிரைக்கு முன் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தோல், அப்புறம் கயிறு போன்ற இந்தத் தசைநார்கள்தான். சுமார் 500 கிலோ உடம்பு ஓடும்போது அதில்தான் வந்து இறங்குகிறது. அறுந்தால் மாதக்கணக்கில் ஆறும். ஆறினாலும் பழைய நெகிழ்வு முழுசாக வராது.

இன்னொரு சங்கதியும் சொன்னார். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாதாம். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே நெஞ்சுக்கூடு தசைகளில்தான் தொங்குகிறது. நாம் குழந்தைக்குத் தூளி கட்டுவோமே, அப்படி! தூளி தளர்ந்தால் நெஞ்சு கீழே இறங்குகிறது, முதுகு குழிகிறது, நடையே மாறிவிடுகிறது.

"காலுக்காக லாயத்தில் நிறுத்தி வைத்தார்கள். கால் தேறியது. நின்று நின்று முதுகு இளைத்துவிட்டது" என்றார் அந்த அம்மாள். என் கையைப் பிடித்து அதன் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வைத்தார். சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். எனக்குச் சுருக்கென்றது. பதில் பேசவில்லை.

வைத்தியத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் கெட்டித் தரையில் நடத்திப் பார்த்தார். கையால் கழுத்திலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கேரட்! அதை மெல்ல அதன் மார்புப் பக்கம் கொண்டு போனார். கால் நகராமல் குதிரை கழுத்தை வளைத்துக் கொண்டு அதைத் தேடியது. சில வினாடி அப்படியே நிறுத்தி, பிறகுதான் கடிக்க விட்டார். அடுத்து முன்னங்கால்களுக்கு நடுவே, பிறகு விலாப் பக்கம், இடுப்புப் பக்கம், இரண்டு புறமும். தீனி ஆசையில் அது யோகாசனம் செய்கிறது! 2011-இல் அமெரிக்காவில் எட்டுக் குதிரைகளுக்கு இப்படி மூன்று மாதம் பழக்கி ஸ்கேனில் அளந்தபோது, முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள் பருத்திருந்தனவாம். "பிரசவமான பெண்களுக்கும் முதுகைத் தாங்குகிறவற்றில் அந்தத் தசையும் ஒன்று" என்றார் போகிற போக்கில்.

அடிவயிற்றின் நடுக்கோட்டில் விரல்களால் மெதுவாக அழுத்தினார். பூனை சோம்பல் முறிப்பது போல முதுகு மேலே எழும்பியது. பிறகு தரையில் நாலு கம்புகளை இடைவெளி விட்டுப் போட்டு நடத்தினார். முதல் தடவை இரண்டு கம்பைத் தட்டிவிட்டது. யாரும் அதட்டவில்லை. மறுபடி நடத்தினார்கள். கடைசியில் சில அடி பின்னோக்கி நடை. வைக்கோலைக்கூட உயரத்தில் கட்டாமல் தரையில்தான் போடுகிறார்கள். குனிந்து தின்றால் முதுகு நீளுமாம். நடையும் ஒரே நாளில் வந்ததல்ல. ஆரம்பத்தில் தினம் சில நிமிடம் கயிறு பிடித்து நடத்தி, ஸ்கேன் பார்த்துப் பார்த்து வாரா வாரம் 5 நிமிடமாகக் கூட்டியிருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் சம்மதிக்காமல் இவர் சிகிச்சை செய்யக் கூடாது. அந்த நாட்டில் சட்டமே அப்படி.

"அப்போ ஓய்வே தப்பா?" என்று என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கேட்டேன்.

"தப்பில்லை அம்மா. அறுந்த அன்றைக்கு அதுதான் மருந்து. எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும்" என்றார். அப்புறம், "உங்கள் பெண் பயிற்சி செய்கிறாளா?" என்று கேட்டுவிட்டார். நான் எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தேன்.

மதியம் 2016-இல் எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்த குதிரைப் பந்தய மியூசியத்துக்குப் போனோம். சார்லஸ் மன்னரின் அரண்மனையில் மிஞ்சிய பகுதியும் அதில் சேர்ந்திருக்கிறது. படங்களும் கோப்பைகளும் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை அங்கே வேறு வேலைக்குப் பழக்கிக் காட்டுகிறார்கள். குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும்; பந்தயமோ ஐந்தாறு வயதிலேயே பலவற்றுக்கு முடிந்துவிடுகிறது. மிச்ச வாழ்நாளுக்கு யாராவது வழி செய்ய வேண்டுமே.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அரிசி டப்பாவை நகர்த்தித் தாளை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு மூணாவது வாரமே தெரியும்மா. அரிசி எடுக்கப் போனப்ப பார்த்தேன். நீ வருத்தப்படுவியேன்னு வெச்சுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கு நான் பயந்தேன் என்று நினைத்தால், அவள் எனக்குப் பயந்திருக்கிறாள்!

மறுவாரம் டாக்டரிடம் காட்டினோம். தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்று சொல்லிப் பிசியோதெரபி அம்மாளிடம் அனுப்பினார். முதலில் படுத்தபடி செய்பவை, பிறகு நின்றபடி செய்பவை. தினம் 10 நிமிட நடை; பிறகு குழந்தை வண்டியைத் தள்ளிக் கொண்டு ஆற்றங்கரை வரை. குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்து எழுவதைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. டிசம்பரில் நான் கிளம்பும்போது தொட்டிலிலிருந்து குழந்தையை முகம் சுளிக்காமல் எடுத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் வழியனுப்ப வந்தவர், அந்தக் குதிரை இப்போது நாலு கம்பையும் தட்டாமல் தாண்டுகிறது என்றார். இனிப் பந்தயமில்லை, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி சவாரிக்கு எடுத்துக் கொள்ளப் போகிறாளாம். கையோடு கொண்டு போய்க் கொடுங்கள் என்று இரண்டு கேரட் கொடுத்தேன். பெண்ணுக்கு மட்டும் லேகியத்தை நிறுத்தவில்லை.