ஊறுகாய் என்னும் வினைத்தொகை

இலக்கணம் பயிலும் சிறார்க்கு வினைத்தொகை இன்னதென்று விளக்கப் புகும் ஆசிரியர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது 'ஊறுகாய்' என்னும் சொல்லேயாம். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும். 'வற்றல்' என்பதும் தொழிலாகுபெயர்க்கு எடுத்துக்காட்டாக வரும். யானும் 35 ஆண்டுகள் இவ்விரு சொற்களையும் மாணாக்கர்க்கு விளக்கி வந்தேன். ஆயின், அச்சொற்களுக்குரிய பொருள்கள் என் இல்லத்தில் எங்ஙனம் உண்டாகின்றன என்பதை ஒருநாளேனும் ஊன்றி நோக்கினேன் அல்லேன். அக்குறையை யான் உணர நேர்ந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

எம்மூர் காவிரிப் பாசனத்துச் சிற்றூர். மாசித் திங்களில் மாமரங்கள் பிஞ்சுவிடத் தொடங்கியதும் என் அன்னையார் பீங்கான் சாடியைக் கழுவி வெயிலிற் காயவைப்பார். காம்போடு பறித்த உருண்டை வடுக்களையே தெரிந்துகொள்வார். நிலத்தில் வீழ்ந்து அடிபட்டது ஒன்று கலப்பினும் ஏனையவும் கெடும் என்பது அவர் கொள்கை. வடுக்களைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் சிறிது விட்டுப் புரட்டி, ஒரு படை வடுவும் ஒரு படை கல்லுப்புமாகச் சாடியில் இட்டு, அதன் வாயை வெள்ளைத் துணியால் வேடுகட்டி வைப்பார். நாள்தோறும் காலையில் சாடியைக் குலுக்கிவிடுதல் வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் உப்பானது வடுவினுள் உள்ள நீரை வெளியே ஈர்த்துவிடும். வடுச் சுருங்கும். நீர் மேலேறும். அதன்பின் கடுகும் மிளகாயும் மஞ்சளும் பொடித்து அந்நீரிற் கலப்பார். அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் அவ்வுவர்நீரிற் பெருகமாட்டா. சாடி பீங்கானாய் இருத்தற்கும் காரணம் உண்டு. செம்பும் இரும்புமாயின், உப்பும் புளிப்பும் அவற்றை அரித்துவிடும்.

சுண்டை வற்றலுக்கு உரிய முறை வேறு. காயை வாய் பிளக்கும் அளவே மெல்லத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலிற் பரப்பி, அந்தியில் மீண்டும் அம்மோரிலேயே இடுவர். மோர் முழுதும் காயிற் சுவறும்வரை இதனை மறவாது செய்தல் வேண்டும். ஓரந்தியில் மறந்தால் பல நாள் உழைப்பும் பழுதாகும்.

என் பத்தாம் அகவையில் ஒருநாள், விளையாடி வந்து கைகழுவிய யான், ஈரம் துடையாமலே சாடியினுட் கையிட்டு ஒரு வடுவை எடுத்துத் தின்றேன். சின்னாட்களில் உவர்நீரின்மேல் வெண்பூசணம் படர்ந்தது. அன்னையார் என்னை நோக்கி, "தம்பி, ஈரக்கை பட்டதா?" என்று வினவினார். யான் "இல்லை" என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறாது சாடியைத் தூக்கிச் சென்று கொல்லையிற் கவிழ்த்தார். அவ்வாண்டு முழுதும் எங்கள் பழஞ்சோற்றுக்கு உப்பும் பச்சைமிளகாயுமே துணையாயின. அடுத்த சில ஆண்டுகளில் யான் மடத்துப் பாடசாலைக்குச் சென்றேன். நூல்கள் பல பயின்றேன். அப்பொய்யை மட்டும் எவரிடத்தும் வெளியிட்டிலேன்.

அன்னையார்க்குப் பின் அத்தொழில் என் மனைவியார் கைக்கு வந்தது. அவர் 2022ஆம் ஆண்டில் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் இறுதியாக இட்ட வடுவிற் கால்பங்கு சாடியில் எஞ்சியிருந்தது. அதனை உண்ணவும் மனம் வரவில்லை. ஒழிக்கவும் மனம் வரவில்லை. மறு ஆண்டு மாசியில் என் மருமகள், "மாமா, அத்தை உப்பு எவ்வளவு இடுவார்கள்?" என்று கேட்டாள். யான் விடையின்றி நின்றேன். ஒரு சொல்லின் இலக்கணம் முழுதும் அறிந்த எனக்கு, அதன் பொருளுக்கு வேண்டும் உப்பின் அளவு தெரியவில்லை.

எழுபது கடந்த என் தமக்கையாரை அழைத்து வந்தோம். அவர் கையால் அள்ளியிட்ட உப்பை மருமகள் ஒவ்வொரு முறையும் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். ஒரு கிலோ வடுவுக்கு ஏறக்குறைய 200 கிராம் ஆயிற்று. தமக்கையார் நகைத்து, "எழுதிக்கொள் அம்மா. ஆனாலும் மூன்றாம் நாள் அந்நீரை நாவில் இட்டுப் பார். ஓர் ஆண்டு வடுப் போல மற்றோர் ஆண்டு வடு இராது" என்றார். பின்னர்ப் பழஞ்சாடியைத் திறந்து பார்த்து, "நீர் தெளிவாகவே இருக்கிறது. இதனையும் புதியதில் ஊற்றலாம்" என்று தம் கையாலேயே ஊற்றினார்.

அப்பொழுது யான் என் பழைய பொய்யை அவரிடம் சொன்னேன். அவர், "அம்மாவுக்கு அது அன்றே தெரியும். அப்பா கேட்டபோது, உப்புக் குறைத்தது தம் பிழை என்று தாமே ஏற்றுக்கொண்டார்" என்றார். யான் எழுந்து கொல்லைப்புறம் சென்று நெடுநேரம் நின்றிருந்தேன்.

இன்று கடைத்தெருவில் எவ்வகை ஊறுகாயும் புட்டியிற் கிடைக்கின்றது. அதனை வாங்குதல் குற்றமன்று. ஆயின், கை துடைத்தலும், நாள்தோறும் குலுக்குதலும், அந்தியில் மறவாமையும் புட்டியில் வாரா. அவை ஒருவர் அருகிருந்து ஒருவர் கற்பன. ஆதலின், முதியோர் உள்ள இல்லத்தார், அவர் கை ஓயுமுன் ஒரு மாசியிலேனும் அவருடன் அமர்ந்து சாடி நிறைத்தல் நன்று. எங்கள் சாடியில் என் மனைவியார் இட்ட உப்பு இன்றும் ஊறுகின்றது. நாளும் காலையில் அதனைக் குலுக்கும் பொறுப்பு இப்பொழுது என்னுடையது. கையை நன்கு துடைத்த பின்னரே வேட்டை அவிழ்க்கின்றேன்.