வண்டும் அச்சரக்கூடும்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது இலக்கியம் பற்றி எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யான் எழுதப் புகுவதோ சாணி உருட்டும் வண்டைப் பற்றி. பழைய மாணவர் பொறுத்தருள்க.

2013ஆம் ஆண்டில் உன்னிச்சைக் குளத்தை அண்டிய பாடசாலையொன்றிற் படிப்பித்துவந்தேன். மாலைவேளையிற் குளக்கட்டால் நடக்கும்போது, எருமைச் சாணத்தை உருண்டையாகப் பிடித்து, தலைகீழாக நின்று பின்னங்கால்களால் உருட்டிச் செல்லும் வண்டுகளைக் காண்பதுண்டு. அக்காலத்தில் அவற்றை யான் பொருட்படுத்தியதில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் கறுப்பு நூலிற் கோத்த அச்சரக்கூடு அணிந்திருந்தான். ஆசிரிய கலாசாலையிற் பயின்று வந்த மிடுக்கில், “இதுவா உன்னைக் காக்கப்போகிறது?” என்று வகுப்பின் முன்னே நகைத்தேன். பிள்ளைகளும் நகைத்தனர். வீடு செல்லும் வழியில் அவன் அதனை அறுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டான். மறுநாள் தாய் வந்தார். அவர் கோபிக்கவில்லை. “சேர், 2007இல இடம்பெயர்ந்து போகக்குள்ள இவன்ட தகப்பன் கட்டிவிட்டது. அவர் பிறகு வரல்ல” என்றார். அவ்வளவே.

காப்புத் தாலி கழற்றப்படாத இளம்பருவத்திலேயே களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் வியந்து பாடியதை, உயர்வகுப்பிலே சுவைபடப் படிப்பித்தவன் யான். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு எனும் திருமாலின் ஐம்படைகளைச் சிறு வடிவிற் செய்து பிள்ளைகளுக்கு அணிவித்த ஐம்படைத்தாலியை மணிமேகலையும் கூறும். ஏட்டிற் கண்டால் அது பண்பாடு. ஏழைப் பிள்ளையின் கழுத்திற் கண்டால் மூடநம்பிக்கை! என் கல்வி அத்தகையது.

சில நாட்களின் பின் பண்டை எகிப்தியரின் வண்டுக் காப்புகளைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. நாம் அருவருக்கும் அதே இன வண்டுதான். அது உருண்டையை உருட்டுவதுபோலக் கெப்ரி என்னும் தெய்வம் ஞாயிற்றை நாள்தோறும் உருட்டுவதாக அவர் நம்பினர். மண்ணுள்ளிருந்து இளவண்டுகள் வெளிப்படக் கண்டு, மறுபிறப்பின் அடையாளமாகவும் கொண்டனர். கல்லிலும் பளபளக்கும் பூச்சிட்ட மட்பொருளிலும் வண்டுருச் செய்து, அடிப்புறத்திற் பெயர் பொறித்துக் காப்பாகவும் முத்திரையாகவும் அணிந்தனர். கிறித்துவுக்கு முன் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோட்டெப், தன் அரசி தியேக்காக 3700 முழ நீளத்தில் நீர்நிலை வெட்டுவித்த செய்தியையும் வண்டு வடிவக் கற்களிலேயே பொறித்து வழங்கினான். குளத்து மண்ணில் வாழ்ந்த எனக்கு இஃது இனித்தது.

எனினும் என்னை உறங்கவிடாதது வேறொன்று. இறந்தோரின் மார்பில் வைக்கும் பெரிய வண்டுக்கல்லில் ஒரு வேண்டுகோள் பொறிக்கப்பட்டிருக்கும். மறுமையில் தன் நெஞ்சை இறகோடு தராசிலிட்டு நிறுக்கும்போது அந்நெஞ்சே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லலாகாது என்பதே அது.

வெள்ளியிலே கூடொன்று செய்வித்து அவ்வீட்டுக்குச் சென்றேன். தாய் அதை வாங்கவில்லை, தேநீர் தந்தார். சிறுவன் என்னைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று, தன் உருண்டையை மேட்டில் ஏற்ற முடியாது மீண்டும் மீண்டும் சறுக்கிய வண்டொன்றைக் காட்டினான். இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கூடு இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கின்றது.