மூடிய ஒர்க் ஆர்டர்கள்

ஜூன் 3, செவ்வாய்

முதல் ஷிப்ட் தொடங்கியதுமே டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து போன். நான்காம் படுக்கை மிஷினில் கண்டக்டிவிட்டி அலாரம். நோயாளியை வேறு மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள். "மேடம், இது புதுசு இல்ல. ஏற்கெனவே ரெண்டு மூணு தடவ இப்படித்தான் கத்துச்சு. ஒவ்வொரு தடவையும் கம்ப்ளெயின்ட் போட்டோம்" என்றார் சிஸ்டர். யூனிட் கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்தப் படுக்கையின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

இந்த அலாரத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்.ஓ. தண்ணீரோடு ஆசிட் கரைசலும் பைகார்பனேட்டும் சரியான விகிதத்தில் கலந்தால்தான் டயாலிசேட். அந்த விகிதத்தை மிஷின் மின்கடத்தும் அளவைக் கொண்டு கண்காணிக்கிறது. சென்டிமீட்டருக்கு சுமார் 14 மில்லிசீமென்ஸ் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் திரவம் நோயாளியின் பக்கம் போகாதபடி மிஷின் பைபாஸுக்குப் போய்விடும். ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நான்கு மணி நேரம் ஆகும். இடையில் நின்றால் அடுத்து வரிசையில் இருப்பவரும் சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

சிஸ்டர் சொன்னது சரி என்று சாயங்காலம்தான் தெரிந்தது. கம்ப்ளெயின்ட்களைப் பதியும் சாஃப்ட்வேரின் பட்டியல் திறக்கும்போதே 'ஓப்பன்' நிலையில் உள்ளவற்றை, அதுவும் கடைசி 30 நாளுக்குள் வந்தவற்றை மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். மூடியவை எல்லாம் மறைவில். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் படுக்கை எண்ணில் தேடினால் வேறொரு மிஷினின் கதைதான் வந்தது. இந்த மிஷின் சில வாரம் முன்புதான் இந்தப் படுக்கைக்கு வந்ததாம். ஒர்க் ஆர்டரில் பதிவாகும் இடம், புகார் போட்ட நாளில் மிஷின் இருந்த இடம்தான். மிஷினை எங்கே நகர்த்தினாலும் கூடவே போவது சீரியல் நம்பர் மட்டும். அதிலும் சிக்கல் இருந்தது. முன்னால் இருந்த பூஜ்யங்கள், பழைய பட்டியலை எக்செல் வழியாக ஏற்றியபோது உதிர்ந்துவிட்டிருந்தன. பூஜ்யங்களை விட்டுவிட்டுக் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் போட்டேன். வரிசையாக வந்து விழுந்தன.

ஜூன் 4, புதன்

காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். புகார்: கண்டக்டிவிட்டி லோ. செய்த வேலை: 'செக்டு, ஓகே'. அடுத்ததும் அதே. அதற்கடுத்தது, 'காலிபரேஷன் செய்தாச்சு, ஓகே'.

கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்தச் சொல் குறைந்த ஆவணங்களில் வருகிறதோ, தேடலில் அதற்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. இன்றைய தேடுபொறிகள் பலவற்றுக்கு அடித்தளம் அந்தக் கணக்கு. அதை எங்கள் பதிவுகளுக்குப் போட்டால் 'ஓகே'யின் எடை ஏறக்குறைய பூஜ்யம். எல்லாவற்றிலும் இருக்கிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. எவ்வளவு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினாலும், எழுதப்படாத காரணத்தை அது தேடித் தராது.

ஒரே ஒரு ஒர்க் ஆர்டர் வேறு மாதிரி இருந்தது. வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு தம்பி எழுதியது: 'ஆசிட் உறிஞ்சும் குழாய் நுனியில் ஓ-ரிங் தேய்ந்து காற்று இழுக்கிறது. திருப்பிப் போட்டதில் 13.2-லிருந்து 13.9. ஸ்டாக் இல்லை, வந்ததும் மாற்றவும்.' யாரும் மாற்றவில்லை. சர்வீஸ் கால் க்ளோஸ் ஆகிவிட்டது, அத்தோடு பார்வையிலிருந்தும் போய்விட்டது. ஸ்டோரிலிருந்து ஓ-ரிங் வாங்கி மாற்றினோம். அளவு 14-இல் நின்றது. அந்தத் தம்பிக்கு போன் போட்டு நன்றி சொன்னேன். அவருக்கு அந்த மிஷின் ஞாபகமே இல்லை.

ஜூன் 7, சனி

டெக்னீஷியன்கள் சிலர் இப்போது போனில் தமிழிலேயே குறிப்பு எழுதுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஓகே'யோடு நின்றவர்கள் தமிழில் இரண்டு வரி எழுதுகிறார்கள். ஆனால் 'ஹோஸ்' என்று தேடினால், கண் முன்னால் இருக்கிற ஒரு ஒர்க் ஆர்டர் வர மறுத்தது. யூனிகோடில் 'ஹோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைச் சுழி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு தேடினால் ஒழிய. அதற்கான முறையை யூனிகோடே வகுத்துத் தந்திருக்கிறது. சாஃப்ட்வேர் தயாரித்தவர்களுக்கு எழுதி, செய்து தரச் சொல்லியிருக்கிறேன். தமிழில் எழுதுவதை நிறுத்தச் சொல்வது தீர்வாகாது.

ஜூன் 11, புதன்

மதியம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். "அக்கா, ஒரு நாளைக்கு வர்ற காலுக்கு இவ்வளவு எழுத எங்க நேரம்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. எத்தனை கால் மூடினார்கள் என்று மட்டும் மாதாமாதம் எண்ணுகிற நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பையன் வேறென்ன கேட்பான்? அந்த எண்ணிக்கையோடு, அதே மிஷினில் அதே பழுது திரும்பி வந்ததா என்பதையும் அறிக்கையில் சேர்க்கும்படி மேலிடத்தில் கேட்டிருக்கிறேன். பாகம் வர வேண்டியிருந்தால் 'க்ளோஸ்' போடக் கூடாது, 'பாகத்துக்குக் காத்திருப்பு' என்ற நிலையிலேயே இருக்கட்டும் என்பது இன்றிலிருந்து எங்கள் பிரிவில் நடைமுறை. பட்டியல் திறக்கும்போது அந்த நிலையில் இருப்பவையும் தெரியும்படி மாற்றியாகிவிட்டது.

ஏசியோ லிஃப்டோ ஜெனரேட்டரோ, எந்தச் சர்வீஸ் வேலையில் இருப்பவராக நீங்கள் இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கால் மூடும் முன் எது கெட்டது, ஏன் கெட்டது, எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் அளவு என்ன என்று எழுதிவிட்டு மூடுங்கள். சீரியல் நம்பரை மிஷினைப் பார்த்தே எழுதுங்கள்.