ஏழு நூல்களும் ஒரு துண்டுத் தாளும்

நல்ல நூல் நல்ல நண்பன் என்று மேடைகளில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். பேச்சுப் போட்டியில் பரிசும் பெற்றிருக்கிறோம். ஆனால் நண்பன் என்றால் சில வேளைகளில் நம் குற்றத்தை எடுத்துக்காட்டித் தலைகுனியவும் வைப்பான் அல்லவா? அந்த அனுபவம் எங்களுக்கு இந்த ஆண்டுதான் கிடைத்தது. அதையே இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் நார்னியாக் கதைகள் ஏழும் இருக்கின்றன. முன்னாள் மாணவி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தவை. இரண்டு நூல்களுக்கு அட்டையே இல்லை. இவற்றை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். 1898-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆசிரியராக விளங்கியவர். 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒரு நூலாக இவை வெளிவந்தன. முதல் நூலைத் தம் ஞானமகள் லூசிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் எங்களில் ஏழு பேரை அழைத்து, ஆளுக்கொரு நூலைக் கொடுத்தார். வாரம் ஒருத்தியாக, தன் மனத்தைத் தொட்ட ஒரு வரியை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. "வரியைப் பார்த்து எழுதுவது கையின் வேலை. அதன் பொருளை உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள், அதுதான் மனத்தின் வேலை" என்றார்.

அகராதியும் கையுமாக அலைந்தோம். முதல் வாரம் அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் காலெடுத்து வைத்த லூசியின் கதை. ஆஸ்லன் என்னும் சிங்கத்தைக் கண்டால் அஞ்ச வேண்டுமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு நீர்நாய் சொன்ன மறுமொழியை எங்கள் தோழி எடுத்தாள். நன்மை என்பது வீட்டுப் பூனைபோல் நம் மடியில் படுத்திருப்பதன்று என்று அதற்குப் பொருள் எழுதினாள். இரண்டாம் வாரம், சிங்கம் முன்னைவிடப் பெரிதாய்த் தெரிகிறதே என்று லூசி வியந்த இடம். தான் வளர வளர அதுவும் பெரிதாகத் தெரியும் என்று அவள் அறிகிறாள். மூன்றாம் வாரம், டிராகனாக மாறிய யூஸ்டஸ் தன் தோலைத் தானே உரித்து உரித்துப் பார்த்தும் விடுபட முடியாமல், சிங்கத்தின் நகத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுத்த இடம். நான்காம் வாரம், எப்போதும் குறைபட்டுக்கொள்ளும் பட்டில்கிளம், சூனியக்காரியின் மயக்கும் நெருப்பை வெறுங்காலால் மிதித்து அணைத்துவிட்டுப் பேசிய துணிவான பேச்சு.

ஐந்தாம் வாரம் வந்த வரியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஷாஸ்டா என்ற சிறுவன் தன் தோழிக்கு நேர்ந்த காயத்தின் காரணத்தைக் கேட்கிறான். அவரவர்க்கு அவரவர் கதைதான் சொல்லப்படும், அடுத்தவர் கதை உனக்கு உரியதன்று என்று சிங்கம் உணர்த்திவிடுகிறது. இதை வண்ணச் சுண்ணக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூவேலையும் செய்தோம். எழுதினோமே தவிர, படித்தோமா?

ஆறாம் நூல் 1955-இல் வெளிவந்த 'மந்திரவாதியின் மருமகன்'. அதைப் பெற்றிருந்த தோழி வரியைத் தரவில்லை. கேட்டால், "நாளைக்குத் தருகிறேன்டி" என்பாள். மறுநாள் பள்ளிக்கே வரமாட்டாள். பலகை இரண்டு வாரம் வெறுமையாகக் கிடந்தது. "பொறுப்பே இல்லாதவள்" என்றோம். "பெருமை பிடித்தவள்" என்றும் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் மறுக்கவில்லை. முடிவில் அவள் மேசையிலிருந்த நூலை எடுத்து, சிங்கம் பாடப்பாட மலையும் மரமும் தோன்றும் அழகான பகுதியை நாங்களே தேர்ந்து எழுதிவிட்டோம். அவள் வந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

நூலைத் திரும்ப ஒப்படைக்கும்போது அதனுள்ளிருந்து ஒரு துண்டுத் தாள் எட்டிப் பார்த்தது. அது இருந்த பக்கத்தைப் படித்தோம். நோயுற்றுக் கிடக்கும் தன் தாய்க்கு மருந்து வேண்டுமென்று டிகோரி என்னும் சிறுவன் சிங்கத்திடம் கெஞ்சுகிறான். அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தை நிமிர்ந்து நோக்குகிறான். அங்கே, தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த்துளிகள்! துண்டுத் தாளில் எங்கள் தோழியின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: "எங்கள் அம்மா."

சிஸ்டரிடம் ஓடினோம். அவளுடைய தாயார் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருப்பதையும், இரவில் தம்பியைப் பார்த்துக்கொண்டு சமையலையும் அவளே செய்வதையும் அப்போதுதான் அறிந்தோம். சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. "லூயிஸின் தாய் எப்போது இறந்தார் என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். பார்த்தோம். 1908 ஆகஸ்டில், புற்றுநோயால். அப்போது லூயிஸுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. தம் தாய்க்காக அவர் வேண்டிய சுகம் கிடைக்கவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, தம் கதையில் டிகோரியின் தாய்க்கு அதைக் கொடுத்தார். திருடிய கனியால் அன்று. சோதனையை வென்று பணிந்தவனுக்குக் கொடுக்கப்பட்ட கனியால். அக்கனியின் விதையிலிருந்து முளைத்த மரம் புயலில் விழுந்தபின், அதன் பலகையில் செய்ததுதான் லூசி நுழைந்த அலமாரி என்று கதை முடிகிறது. ஒரு மகனின் துயரத்திலிருந்து எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது!

அன்று மாலையே பலகையைத் துடைத்தோம். மறுநாள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சுண்ணக்கட்டியை வாங்கி, தன் வரியைத் தானே எழுதினாள். நமக்காக அழுகிறவர் இருக்கிறார் என்று தெரிந்தால், பதில் வரும்வரை காத்திருக்க முடியும் என்று பொருளும் எழுதினாள். அன்று முதல் முறைவைத்து அவள் தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தோம். எங்கள் அன்னையர் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள்.

அவளுடைய தாயார் இப்போது வீடு திரும்பியிருக்கிறார். சிகிச்சை இன்னும் தொடர்கிறது. இக்கட்டுரையை அவள் படித்து, ஒரு வாக்கியத்தை அடித்து, மற்றதை அச்சிடச் சம்மதித்த பின்னரே ஆசிரியர் குழுவிடம் கொடுத்தோம்.

ஏழாம் வாரம் வரிக்கு இடமில்லாமல் போயிற்று. தேர்வு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்த அலமாரிக்கு வரப்போகும் தங்கைகளே, அந்த வரி உங்களுக்காகக் காத்திருக்கிறது. பலகையில் எழுதுமுன் உங்கள் பக்கத்து இருக்கையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அங்கே இருப்பவளின் கதை நமக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை. ஆனால், "என்னடி, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்கலாம் அன்றோ?

— பதினோராம் வகுப்பு மாணவியர்