திருகோணமலையில் சமயமும் நாத்திகமும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துச் சைவப் பிள்ளைக்குச் சமயம் பாடமாக வருமுன்பே பழக்கமாக வந்துவிடுகிறது. குளித்ததும் அம்மம்மா பூசிவிடும் திருநீறு, வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, சம்பந்தர் தேவாரம் பாடிய கோணேசர் கோயில், சிவராத்திரியை அடுத்து சுவாமி நகர்வலம் வரும்போது படலையடியில் வைக்கும் நிறைகுடம். இதில் எதையும் யாரும் விளக்குவதில்லை.

பிறகு பள்ளிக்கூடம். இலங்கையில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். சைவநெறி, இஸ்லாம், பௌத்தம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என ஏதாவது ஒன்றைப் படித்தாக வேண்டும்; எதுவும் வேண்டாம் என்னும் பிள்ளைக்கு இடமில்லை. 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையோ சிந்தனைச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. இந்த முரண் சரிசெய்யப்பட வேண்டியது.

இந்நாட்டில் பகுத்தறிவை ஊரறியப் பேசியவர் ஆபிரகாம் கோவூர் (1898–1978). கேரளத்தில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். ஏமாற்ற வழியில்லாத இடத்தில் அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அறிவித்தார். எவரும் அதை வெல்லவில்லை.

கடவுளை மறுப்பவருக்குச் சோதனை செத்தவீட்டில்தான் வருகிறது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவும் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்யவும் மூத்த மகனைக் கூப்பிடுவார்கள். தாயின் மனம் நோகக்கூடாதென்று பலர் செய்துவிடுகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம்.