விசுவாசத்தின் கிரயம்

இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடமாகப் பயிலும் நாம் கிருஷ்ண பிள்ளையவர்களின் செய்யுள் நயத்தில் திளைக்கின்றோம். அதன் முதனூலாகிய மோட்சப் பிரயாணத்தை எழுதிய யோவான் பன்யன் செலுத்திய கிரயத்தை நினைப்பார் சிலரே. அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பே பிரசங்கித்தமையால், 1660-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்திலே பெட்போர்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கியேன் என ஒரு வார்த்தை கூறியிருப்பின் விடுதலை. கூறாமையால் 12 ஆண்டு.

சிறை அவர் தாமே தெரிந்துகொண்ட பாடு. என் மனத்தை வருத்துவது அவருடைய வீடு. தாயிழந்த மூத்த மகள் கண்ணில்லாதவள். இரண்டாந்தாரமாகிய எலிசபெத்து, கணவர் பிடிபட்ட அதிர்ச்சியால் அகாலத்தில் ஈன்ற மகவைப் பறிகொடுத்தவள். 1661-இல் நீதிபதிகள்முன் மன்றாடியும் பயனின்றித் திரும்பினாள். பன்யன் சிறையிலிருந்தே நாடாக்கள் செய்து விற்று அவர்களைத் தாங்கினார். குருட்டு மகளைப் பிரிந்ததே எல்லாவற்றினும் கொடிதென அவரே எழுதியுள்ளார். நம் சிலுவையை நாம் சுமக்கலாம். அதன் மறுமுனை ஒரு சிறு பெண்ணின் தோளில் அழுந்தக் காண்பது எங்ஙனம்?

1678-இல் வெளிவந்த அந்நூலிலே, மனைவி மக்கள் கூவியழைக்கவும் கிறிஸ்தியான் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். உருவகந்தானே என்று வகுப்பில் இவ்விடத்தை விரைந்து கடப்பதுண்டு; என்னால் கடக்க இயலவில்லை. ஆறாண்டு கழித்து, அம்மனைவியும் மக்களும் அதே வழியிற் புறப்படுவதையே பன்யன் இரண்டாம் பாகமாக எழுதினார்.