தாய்மார் விட்டுச்சென்ற துணித்துண்டுகள்

கடந்த கோடையில் லண்டனில் இருக்கும் என் மகளிடம் போயிருந்தேன். போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது போல மாளிகையும் பாலமும் மணிக்கூட்டுக் கோபுரமும் பார்த்து முடிந்தன. கால் உளைவுதான் மிச்சம். “அம்மா, இன்னும் ஒரு இடம் இருக்கு. உங்களுக்குப் பிடிக்கும். ஆனா அழக்கூடாது” என்றாள் மகள். ஐந்து வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ரஸல் சதுக்கத்தில் நிலக்கீழ் ரயிலால் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் பிரன்ஸ்விக் சதுக்கம். அங்கே ஃபவுண்ட்லிங் நூதனசாலை இருக்கிறது. வாசலுக்கு வெளியே இரும்புக் கம்பிவேலியின் முனையில் ஒரு சின்னக் கையுறை செருகியிருந்தது. அந்த நாட்டில் தெருவில் குழந்தையின் கையுறை விழுந்து கிடந்தால், தேடி வருபவர் கண்ணில் படட்டும் என்று யாராவது எடுத்து வேலியில் மாட்டிவிடுவார்கள். பேத்தி அதைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. அது வெண்கலத்தில் வார்த்தது. ட்ரேசி எமின் என்ற பெண் கலைஞர் செய்து வைத்தது என்று மகள் சொன்னாள்.

அந்த இடத்தின் கதை தோமஸ் கோரம் என்ற கப்பற்காரரிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் கப்பல் கட்டும் தொழில் செய்துவிட்டு லண்டன் திரும்பியவர், தெருவோரங்களில் குழந்தைகள் கைவிடப்பட்டுச் சாவதைக் கண்டார். அவருக்கும் மனைவி யூனிஸுக்கும் பிள்ளைகள் இல்லை. அக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டுமென்று 17 வருடங்கள் அலைந்தார். அப்படி ஒன்று வந்தால் ஒழுக்கக்கேடு பெருகும் என்று சொல்லிப் பெரிய மனிதர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். முதலில் கையெழுத்திட்டவர்கள் பெண்கள். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் 21 பேர் ஒருவர்பின் ஒருவராக ஒப்பமிட்ட பிறகுதான் ஆண்களும் வந்தார்கள். 1739இல் அரச சாசனம் கிடைத்தது. 1741 மார்ச்சில் முதற் குழந்தைகள் உள்ளே வந்தன. அவற்றுள் ஒரு ஆணுக்குத் தோமஸ் கோரம் என்றும் ஒரு பெண்ணுக்கு யூனிஸ் கோரம் என்றும் பெயர் வைத்தார்கள்.

மேல்மாடியில் பிரித்தானியக் கலையின் பெரிய பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1740இல் வரைந்த கோரமின் பெரிய படம் அங்கே உண்டு. சிவந்த மேலங்கியும் கலைந்த நரைமுடியுமாக, அரசர்களை வரைகிற அளவில் ஒரு சாதாரண மனிதரை வரைந்திருக்கிறார். தன் நண்பர்களான ஓவியர்களிடமும் படங்கள் கேட்டு வாங்கி இல்லத்தின் சுவர்களை நிரப்பினார். படம் பார்க்க வந்த பணக்காரர்கள் பணமும் கொடுத்துப் போனார்கள். பிரித்தானியாவின் முதலாவது பொது ஓவியக்கூடம் அதுதான் என்கிறார்கள். இசைமேதை ஹண்டெல் 1750 முதல் தன் ‘மெசாயா’ என்ற இசைப்படைப்பை அங்குள்ள கோவிலில் நடத்தி இல்லத்துக்கு நிதி சேர்த்தார். அவருடைய இசையைக் கேட்பதற்கென்றே ஒலிபெருக்கி பொருத்திய சாய்கதிரைகள் மாடியில் கிடக்கின்றன. பேத்தி ஒன்றில் ஏறி இருந்தவள் கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள்.

அவளை மகளிடம் விட்டுவிட்டுக் கீழே வந்தேன். எனக்கு அந்தப் பெரிய ஓவியங்களை விடக் கீழே இருந்தவைதான் மனதில் நிற்கின்றன.

இல்லத்தில் இடம் சிறிது, வந்த தாய்மாரோ ஏராளம். 1742 முதல் சீட்டிழுப்பது போல ஒரு முறை வைத்தார்கள். பிள்ளையோடு வந்த பெண் ஒரு பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால், பிள்ளைக்கு நோயில்லையென்றால் இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். இதை வேடிக்கை பார்க்கச் சீமாட்டிகளும் கனவான்களும் வந்திருந்தார்கள். நல்ல காரியம் செய்தவர்கள்தான், ஆனாலும் இதை வாசித்தபோது எனக்கு மனம் கசந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

எடுத்த பிள்ளைக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். தாயின் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் ஒருநாள் அவள் திரும்பி வந்தால் எப்படி அடையாளம் காண்பது? அதற்காகப் பிள்ளை வந்த நாளையும் உடுப்பையும் ஒரு தாளில் எழுதி, அந்த உடுப்பிலிருந்தோ தாயின் உடுப்பிலிருந்தோ ஒரு துண்டு வெட்டி ஊசியால் குத்தி வைத்தார்கள். சில தாய்மார் தாங்களே ஏதாவது கொடுத்துப் போனார்கள். பெயர் செதுக்கிய நாணயம், மோதிரம், இப்படிப் பல. ஒருத்தி கொடுத்தது ஒரு கொட்டைக்கோது. அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லைப் போலும்.

அந்தத் துணித்துண்டுகள் ஐயாயிரத்துக்கு மேல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இப்போதும் இருக்கின்றன. அவற்றின் படங்கள் உள்ள புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கோடு போட்டது, புள்ளி போட்டது, பூப்போட்ட சீத்தை, ரிபன் துண்டு. நம்முடைய கரையோரங்களிலிருந்து போன இந்தியச் சீத்தையைக் கண்டு மயங்கி, பிறகு உள்ளூர் நெசவாளருக்காக 1721இல் அச்சுப் பருத்தித் துணியைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. அதனால் அங்கேயே சணல்நார்த் துணியில் அதே மாதிரிப் பூக்களை அச்சடித்தார்கள். அவற்றையும் இத்தாள்களில் காணலாம். சீமாட்டிகளின் பட்டுகள் எந்த நூதனசாலையிலும் கிடைக்கும். வேலைக்காரியும் தெருவில் மீன் விற்றவளும் என்ன உடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். பிள்ளையைப் பிரிந்திராவிட்டால் அந்தத் துணி கிழிந்து கந்தலாகிப் போயிருக்கும்.

ஒரு துண்டில் நெடுநேரம் நின்றேன். பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஊசிப்பை அது. அதில் சிவப்பு நூலால் ஒரு இதயம் தைத்து நடுவே வெட்டியிருக்கிறது. பாதி இல்லத்தில். மறுபாதி தாயிடம் இருந்திருக்க வேண்டும். 1767இல் மகனை விட்டுப் போன சாரா பெண்டர் என்ற அந்தத் தாய், 1775இல் திரும்பி வந்து பிள்ளையைப் பெற்றுக்கொண்டாள்.

அவள் அதிர்ஷ்டக்காரி. 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் பெற்றவர்களிடம் திரும்பிப் போனவை 152 மாத்திரமே. 1756க்குப் பிறகு நான்கு வருடங்கள் அரசாங்கப் பணத்தில் வந்த குழந்தைகளையெல்லாம் எடுத்தார்கள். அப்படி வந்த ஏறத்தாழ 15,000 பேரில் பெரும்பாலானவர்கள் இறந்துபோனார்கள். தாய் திரும்பி வந்து கேட்டபோது அதைத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் கேட்பதற்கு ஓரிடம் இருந்தது. எடுத்துக்காட்ட ஒரு தாள் இருந்தது. 1860களில் காட்சிக்கு வைப்பதற்காக நாணயங்களையும் மோதிரங்களையும் தாள்களிலிருந்து கழற்றி, எது எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாமலாக்கிவிட்டார்களாம். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் இருந்து பொறுமையாகச் சிலவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள்.

மகள் எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை.

“அம்மா, நீங்களும் என்னைக் கட்டித்தானே கொண்டுவந்தனீங்கள்” என்றாள்.

1995 ஒக்டோபர் 30 இரவு. யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சிக்குச் சனம் முழுக்க ஒரே தெருவில். மழை. அவளுக்கு ஆறு வயது. மஞ்சள் நூல்சேலையின் கரையைக் கிழித்து அவள் கையையும் என் கையையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். அந்த நெரிசலில் பக்கத்தில் ஒரு தாய் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கண்டுபிடித்தாளோ தெரியாது.

“அந்தத் துணி எங்கையம்மா?”

“கொடிகாமத்திலை உன்ரை தலையைத் துடைச்சனான். பிறகு அடுப்பிலை சட்டி இறக்கக் கைபிடித்துணியாக் கிடந்தது. பிறகு தெரியாது.”

வெளியே வந்து பின்பக்கமாகப் போனோம். பழைய இல்லத்தை 1926இல் விற்று, பிறகு இடித்துவிட்டார்கள். அந்த நிலத்தில் கட்டடம் எழும்பாமல் மக்கள் பணம் சேர்த்துக் காத்தார்கள். இப்போது அது கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற சிறுவர் பூங்கா. சிறுபிள்ளை ஒன்று கூட வராமல் பெரியவர் எவரும் உள்ளே போக முடியாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. மகள் அதை எனக்கு வாசித்துச் சொல்லி முடிக்கும் முன்னரே பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்கோ அம்மம்மா, நான் இருக்கிறன்தானே.”